நீர்நாய்ப் படத்தின் மூலையில் நின்றவர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி நெய்மீன் வாங்கி ஊறுகாய் போட்டாள். வறுத்த துண்டுகள் மேல் அவள் வினிகரை ஊற்றும்போது நான் அடுக்களை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. "என்ன, பசிக்குதா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு சிவப்பு பல்பு ஞாபகம் வந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நீர்நாய், அதற்கும் பின்னால் ஒரு டிப்பர் லாரி. இதையெல்லாம் அடுக்களை வாசலில் நின்று எப்படிச் சொல்வது? பசிக்குது என்றே சொல்லிவிட்டேன்.

உங்களிடம் சாவகாசமாகச் சொல்லலாம்.

கறுப்பு வெள்ளைப் படம் போட்டவர்களுக்கு இந்த நெடி தெரியும். தாள் மருந்தில் மிதந்து, ஒன்றுமில்லாத வெள்ளையிலிருந்து உருவம் எழும்பி வரும். வந்தது போதும், நில் என்று அதற்குச் சொல்ல ஒரு புளித்தண்ணீர்த் தட்டு உண்டு. வினிகருக்கு அண்ணன் மாதிரி அது. மட்டாஞ்சேரியில் சுக்கு குடோன்களுக்கு நடுவே இருந்த ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில் என் இளமை முழுக்க அந்த நெடியில்தான் ஊறியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்னை ஊறுகாய்க் கம்பெனி ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளிக்கூடத்திலும் மலையாளம். தமிழ் எழுத்தை நான் சினிமா போஸ்டரும் வாரப் பத்திரிகையும் பார்த்துக் கற்றுக்கொண்டவன். அதனால் இதில் எங்காவது கால் இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் விஜயம் டீச்சர் எங்கள் ஸ்டுடியோவுக்கு வர ஆரம்பித்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், செறளாயில் வீடு, ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். சனி, ஞாயிறு விடிந்தால் காமிராவைத் தூக்கிக்கொண்டு இடக்கொச்சிக் காயலோரம் கண்டல் என்று நாங்கள் சொல்லும் அலையாத்திக் காட்டுக்குப் போய்விடுவார். தலையில் கட்டிய துண்டும் கணுக்கால் வரை சேறு அப்பிய காலுமாக நேராகக் கடைக்கு வந்து பிலிம் ரோலை மேஜையில் வைப்பார். முதலாளிக்குத் தரை அழுக்காகிறது என்று வருத்தம். எனக்கோ கல்யாண வீட்டு மூஞ்சிகளையே பார்த்து அலுத்திருந்ததால் அந்த ரோல்கள் பெரிய ஆறுதல்.

ஒருநாள் பெரிதுபடுத்திய ஒரு படத்தைப் பார்த்து, "கீரி நல்லா விழுந்திருக்கு டீச்சர்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"கீரியா? நல்லா பாருடா. நீர்நாய். குட்டியோட வந்திருக்கு. இதுக்காக நான் எத்தனை நாள் சேத்துல நின்னிருக்கேன் தெரியுமா?"

அந்த நெகட்டிவிலிருந்துதான், விரித்த செய்தித்தாள் அளவில் ஒரு படம் போட்டோம். அவ்வளவு பெரிய தாளுக்குக் கடையில் தட்டு இல்லை. அம்மா துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியை வீட்டிலிருந்து தூக்கிவந்தேன். அதற்கப்புறம் அம்மா அந்தத் தொட்டியைக் கையால் தொடவில்லை. ஆனால் படம் வந்துவிட்டது. கண்டல் வேர்கள் விரல் விரலாகத் தண்ணீரில் இறங்கி நிற்கும். சேற்று வரம்பில் தாய் நீர்நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும், இரண்டு குட்டிகள் அதன் வயிற்றை ஒட்டி நிற்கும். வலது மூலையில், இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஆள் தோளில் வலையோடு நிற்பார். டீச்சர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு போகாமல், "சுவத்துல மாட்டு, வரவா பாக்கட்டும்" என்று கடைக்கே கொடுத்துவிட்டார். பின்பக்கம் கடை ரப்பர் ஸ்டாம்பும் தேதியும் குத்தி, சட்டம் போட்டு மாட்டினோம். வருஷக்கணக்கில் அது அங்கேயே தொங்கியது. பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரும் குழந்தைகளிடம் "அங்க நீர்நாயைப் பாரு" என்று சொன்னால் அழுகை நிற்கும். அந்த அளவில்தான் அதன் உபயோகம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் எங்கள் பின்னறை குடோன் ஆனது. கம்ப்யூட்டர் வந்தது, ஸ்கேனர் வந்தது, சிவப்பு பல்பைக் கழற்றிக் குழல்விளக்கு போட்டார் முதலாளி. டீச்சரும் டிஜிட்டல் காமிராவுக்கு மாறினார். சேறு மட்டும் மாறவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீர்நாய் வந்த இடத்தை யாரோ வாங்கி, சுற்றிலும் வரம்பு கட்டி, லாரி லாரியாகச் செம்மண் கொட்ட ஆரம்பித்தார்கள். டீச்சரும் அங்கே இறால் பிடித்துப் பிழைத்த சில குடும்பங்களும் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். ஃபோர்ட் கொச்சியில் ஒரு அரசாங்க ஆபீசில் விசாரணை.

முதல் நாள் விசாரணைக்கு டீச்சர் தன் டிஜிட்டல் படங்களை ஒரு சிடியில் போட்டுக்கொண்டு போனார். எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கையில்கூட வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் இந்த இடத்தில் யானையைக்கூட நிற்க வைக்கலாம் என்றாராம். போதாததற்கு அந்தப் படங்கள் எல்லாம் வரம்பு கட்டிய பிறகு எடுத்தவை. எப்போதும் காய்ந்து கிடந்த தரிசு இது, தண்ணீரும் இல்லை, கண்டலும் இல்லை என்பது அவர்கள் வாதம். பழைய படம் இருந்தால் அடுத்த விசாரணைக்குக் கொண்டுவாருங்கள், மூலப்படமாக இருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லி அனுப்பிவிட்டார்.

டீச்சர் வீட்டு அலமாரியைத் திறந்தார். பழைய நெகட்டிவ் எல்லாம் மழைக்கால ஈரம் குடித்துப் பூஞ்சை பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நானும் போய்ப் பார்த்தேன். பிரித்தால் உருவம் தோலோடு உரிந்து வந்தது. ஆக, அந்த இடத்தில் தண்ணீர் நின்றதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி எங்கள் கடைச் சுவரில் தொங்கியது.

"நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று டீச்சர் சொல்லிப் போனார். நாளைக்குள் வேறொருவர் வந்துவிட்டார்.

இடக்கொச்சியிலிருந்து ஃபிலோமினா என்று ஒரு சேச்சி, மகளின் பள்ளிக்கூட அட்டைக்குப் படம் எடுக்க வந்திருந்தார். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. மகள் ஸ்டூலில் உட்கார்ந்தாள், நான் வழக்கம்போல "நீர்நாயைப் பாரு" என்றேன். மகளுக்குப் பின்னால் நின்ற அம்மாவும் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் சுவரை நோக்கி நடந்தார். கண்ணாடிச் சட்டத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றுவிட்டார். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன்; அவருக்குக் கேட்கவில்லை.

"எண்டெ கெட்டியோனா இது" என்றார் கடைசியில். என் வீட்டுக்காரர்தான் இது என்று.

நீர்நாய்ப் படத்தின் மூலையில் வலையோடு நிற்பவர். பெயர் சேவியர். படம் எடுத்த அந்த வருஷமே, மழைக்காலத்தில் அழிமுகம் என்ற முகத்துவாரத்தைத் தாண்டி அவர் கடலுக்குப் போன வள்ளம் திரும்பி வரவில்லை. மகள் அப்போது கைக்குழந்தை.

நெகட்டிவ் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். படத்தில் அவர் முகம் ஒரு பயறு அளவுதான். ஆனால் கண்ணாடி வைத்துப் பார்த்தால் புருவம் சுளித்திருப்பது தெரிந்தது. கன்னத்தில் நாலு நாள் தாடி, கழுத்தில் கொந்தை என்கிற ஜெபமாலை. சேச்சி பார்த்தார், மகளைத் தூக்கிக் காட்டினார், மறுபடியும் பார்த்தார்.

"நீர்நாய் வலையைக் கிழிச்சிடும்னு எப்பவும் திட்டுவார்" என்றார். "ஆனா அது போற வழியில வந்தா இப்படித்தான், அசையாம நின்னு போக விட்டுடுவார்."

வீட்டில் வேறு படம் இல்லையா என்று கேட்டேன். கல்யாணப் படம் இருக்கிறதாம். "அது கடன் வாங்கின கோட்டுப் போட்டு, மூஞ்சில பவுடர் போட்ட யாரோ. இதான் அவர்."

நான் உடனே படத்தை ஸ்கேன் செய்து, மூலையைப் பெரிதாக்கி, கலர் பிரிண்டரில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு எனக்கு. சேச்சி அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகச் சாம்பல் நிறம். "இதுல அவர் இல்லையே மோனே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பெரிய படத்தைத் தர முடியுமா என்று கேட்டார். அது டீச்சருடையது, கேட்டுச் சொல்கிறேன் என்று விலாசத்தை வாங்கிக்கொண்டு அனுப்பினேன். விசாரணை விஷயத்தை நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கடை திறந்த கையோடு ஒரு டிப்பர் லாரி வந்து எங்கள் சந்து முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. மட்டாஞ்சேரிச் சந்துகள் தெரியுமே, இரண்டு ஆட்டோ ஒதுங்கினாலே அதிகம். லாரியின் டயரெல்லாம் செம்மண். ஓட்டிவந்தவன் என் வயதுக்காரன். கூட வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர்.

"நான் ஆன்றணி. சேவியர் சேட்டனோட அனியன்" என்றான், அவருடைய தம்பி. "சேட்டத்தி, எங்க அண்ணி, சொன்னாங்க. எங்க சேட்டன் படம் எங்களுக்கு வேணும்."

அவன் சுவரைப் பார்க்கவே இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர்களில் ஒருவர்தான் படத்துக்குக் கிட்டே போய், நகத்தால் கண்ணாடியை மெல்லத் தட்டினார். "நல்ல படம்" என்றார். "சட்டத்தோட எடுத்துக்கலாமா?"

வெளியே லாரி நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தது. முதலாளி வரட்டும் என்றேன். முதலாளி எப்போது வருவார்? தெரியாது. சரி, நாங்கள் எதிர்ச் சாயாக்கடையில் இருக்கிறோம் என்று இரண்டு பேரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். ஆன்றணி மட்டும் லாரியை எடுத்துக்கொண்டு போனான்.

முதலாளி வந்தார், விஷயம் கேட்டார், வியர்த்தார். "நமக்கு எதுக்குடா இந்தத் தகராறு? யாருக்காவது குடுத்துத் தொலை. சாயங்காலத்துக்குள்ள அது என் சுவத்துல இருக்கக்கூடாது." நான் படத்தை இறக்கி, சட்டத்தைக் கழற்றி, பழைய இருட்டறையில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். என் மனசில் ஒரே எண்ணம்தான். நேற்று வந்து கண்ணாடி முன்னால் நின்ற அந்த அம்மாவை மண் கொட்டுகிற இந்த ஆட்கள்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்த உருக்கம், அந்தப் பவுடர் பேச்சு எல்லாமே நடிப்பு. நான் ஏமாந்து பூதக்கண்ணாடி வேறு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மத்தியானம் டீச்சர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சாயாக்கடைப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவர் அந்த இரண்டு பேரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்த வலைக்காரர் நின்னுண்டிருந்ததாலதான் நீர்நாய் பயப்படாம இருந்தது" என்றார். "நான் அவர் பேரைக்கூடக் கேக்கலை. கையசைச்சுட்டு வந்துட்டேன்." பிறகு, "படத்தை எடு. அவாத்துக்குப் போலாம்" என்றார்.

"டீச்சர், அந்தம்மா கொழுந்தன் கைக்குப் போயிரும். காயல்ல கிழிச்சுப் போட்டா என்ன பண்ணுவீங்க? அடுத்த வாரம் விசாரணை."

"தெரியும். எடு."

பெட்ஷீட்டில் சுற்றிக் கைக்கடியில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினோம். பஸ்ஸில் ஏறும் வரைக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தோப்பும்படி தாண்டியதும் மழை பிடித்தது. பஸ் ஜன்னலின் தார்ப்பாய் ஒழுகியது. டீச்சர் தன் சேலை முந்தானையை எடுத்துப் பொட்டலத்தின் மேல் போட்டுக்கொண்டு, தன் தோள் நனைய உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். விசாரணை முடிந்ததும் கொடுக்கலாம், ஒரு வாரம்தானே என்று. அவர் முந்தானையை இன்னும் இழுத்துப் பொட்டலத்தை மூடினார்.

ஃபிலோமினா சேச்சியின் வீட்டு முற்றத்தில் அந்த லாரி நின்றது. ஆன்றணி கைலியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவனைத் தாண்டி உள்ளே போய், கட்டிலில் பொட்டலத்தைப் பிரித்து, ஓரங்களைத் தடவி நேராக்கினார். "இது உங்களோடது" என்று மலையாளத்தில் சொன்னார். விசாரணை, வக்கீல், மண் எதைப் பற்றியும் மூச்சு விடவில்லை. சேச்சி கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்தார், மகளிடம் எத்தனாம் வகுப்பு என்று கேட்டார், எழுந்துவிட்டார். நாங்கள் வெளியே வரும்போது ஆன்றணி எழுந்து உள்ளே போனான்.

பஸ் ஸ்டாப்பில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர். விசாரணைக்குக் கொண்டாங்கன்னு."

"கேட்டா, அப்பறம் அது கொடுத்ததா ஆகுமோ?" என்றார். அவரும் பயந்துதான் இருந்தார்.

விசாரணை அன்று நான் லீவு போட்டுவிட்டு டீச்சரோடு போனேன். பழைய கட்டிடம், உயரமான கூரை, தலைக்கு மேல் மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. கடைசி பெஞ்சில் இடக்கொச்சிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் ஃபிலோமினா சேச்சி, மடியில் பெட்ஷீட் பொட்டலம். எனக்கு மூச்சு திரும்பியது. அடுத்த நொடியே வாசற்கதவில் சாய்ந்து நின்ற ஆன்றணியைப் பார்த்தேன். அவனுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள். இந்த அம்மா யாருக்காக வந்திருக்கிறார்? டீச்சரைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பவே இல்லை.

அதிகாரி கேட்டார். "பழைய படம் இருக்குன்னு சொன்னீங்களே?"

"என்கிட்ட இல்லை சார்" என்றார் டீச்சர். "அதுல ஒருத்தர் நிக்கறார். அவாத்துக்காரா கையில கொடுத்துட்டேன்."

வக்கீல் லேசாகச் சிரித்துக் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அதிகாரி ஏதோ எழுதக் குனிந்தார். பின்னால் பெஞ்ச் கிறீச்சிட்டது.

"என் கையில இருக்கு சாறே."

சேச்சி பொட்டலத்தைப் பிரித்து, படத்தை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பியூன் வாங்கப் போனார். சேச்சி கொடுக்கவில்லை. "கையில தரமாட்டேன். சாறு இங்க வந்து பாக்கணும்." அறையில் எல்லோரும் அதிகாரியைப் பார்த்தோம். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். நான் சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியை நீட்டினேன். அவர் குனிந்து, நீண்ட நேரம் பார்த்தார். பின்பக்க ஸ்டாம்பையும் பார்த்தார்.

வக்கீலும் எழுந்து வந்தார். இதுவும் கம்ப்யூட்டரில் செய்ததாக இருக்கலாம், இருந்தாலும் இது எந்த இடம் என்று யார் சொல்வது என்றார். காயலில் எங்கே வேண்டுமானாலும் இப்படி ஒரு ஆள் நிற்கலாம்.

"எண்டெ கெட்டியோன் கம்ப்யூட்டர்ல நிக்கல சாறே. தண்ணியிலதான் நின்னார்" என்றார் சேச்சி. "அங்கதான் நிப்பார், தினமும். இப்ப லாரி நிக்கிற இடம் அது."

"அதைத்தான் கேட்கிறேன். யார் சொல்வது?"

"நான் சொல்றேன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஆன்றணி. உள்ளே வரவில்லை, கதவில் சாய்ந்தபடியே, யாரையும் பார்க்காமல் பேசினான். "அந்த இடந்தான். நான்தான் அங்க மண்ணு கொட்டறது. சேட்டன் நிக்கிற இடத்துல ரெண்டு மாசமா கொட்டிக்கிட்டிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னான். வெள்ளைச் சட்டைக்காரர்களில் ஒருவர் அவன் தோளில் கை வைத்தார். அவன் அந்தக் கையை எடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். அன்றோடு அவனுக்கு அந்த வேலை போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லாம் ஜெயம் என்று சொன்னால் பொய். மண் கொட்டுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனால் கொட்டிய மண்ணை யாரும் அள்ளவில்லை. பாதிக் கண்டல் செம்மண்ணுக்கடியில் போயிற்று, மீதிப் பாதி தப்பியது. நீர்நாய் அதற்கப்புறம் வந்ததா என்று கேட்டால், டீச்சர் தடம் பார்த்தேன் என்பார், மற்றவர்கள் அது நாயின் தடம் என்பார்கள்.

இப்போது அந்த ஸ்டுடியோ வெள்ளைக்காரர்கள் காப்பி குடிக்கும் இடமாகிவிட்டது. இருட்டறை இருந்த மூலை, கைகழுவும் இடம். முதலாளி இல்லை. சாயாக்கடை இல்லை. டீச்சரின் டிஜிட்டல் படங்கள் இருந்த கம்ப்யூட்டர் ஒருநாள் கிறுகிறுவென்று சத்தம் போட்டு நின்றது. சிடிக்களைப் போட்டுப் பார்த்தால் இப்போது எந்த மெஷினும் வாசிப்பதில்லை. டீச்சரும் ஓய்வு பெற்று மகனோடு பெங்களூர் போய், அங்கேயே கண்ணை மூடிவிட்டார். செய்தி எனக்குப் போனில் வந்தது. ஒரு படம் அனுப்புங்கள், மாலை போட்டு வைக்கிறேன் என்று அவர் மகனிடம் கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அம்மா எப்பவும் காமிராவுக்குப் பின்னாடிதானே இருப்பா. எங்ககிட்டயே சரியா ஒண்ணு இல்லை."

ஊறுகாய் போட்ட அந்த வாரமே, மனசு கேட்காமல் இடக்கொச்சிக்கு பஸ் ஏறினேன். ஃபிலோமினா சேச்சிக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. மகள் நர்சாக வெளிநாட்டில். படம் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. உப்புக்காற்றில் ஓரங்கள் பழுத்து, ஒரு குட்டி நீர்நாய் மங்கிப்போயிருக்கிறது. சேவியர் அப்படியே புருவத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார். டீச்சர் இறந்த செய்தியைச் சொன்னேன். அவருடைய படம் ஒன்று கூடக் கிடைக்கவில்லை என்றும் சொன்னேன்.

சேச்சி எழுந்து சுவரருகே போனார். படத்தின் அடிவிளிம்பில், வரம்புச் சேற்றின் மேல், கறுப்பாகச் சாய்ந்து கிடந்த ஒரு திட்டில் விரலை வைத்தார். படம் போட்ட அன்று அதை வெட்டிவிடலாமா என்று நான் யோசித்த திட்டு. மரத்தின் நிழல் என்று நினைத்திருந்தேன்.

"தலையில கட்டின துண்டு தெரியுதா? முகத்துக்கிட்டத் தூக்கின ரெண்டு கை?" என்றார். "சூரியன் டீச்சருக்குப் பின்னாடி இருந்திருக்கு. நான் இத்தனை வருஷமா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் மெழுகுதிரி வைக்கிறேன்."